கேஸ்ல ஜெயிச்சும் சூப்பர் லீக் ஏன் நடக்கல? ரியல் மாட்ரிட்டுக்கு நஷ்டஈடு வருமா?

சூப்பர் லீக்குங்கிறது ஐரோப்பாவோட பெரிய ஃபுட்பால் கிளப்புங்க சில சேர்ந்து தனியா நடத்தப் பாத்த போட்டி. நீங்க கேட்டது சுருக்கமா இதுதான். 2023 டிசம்பர்ல ஐரோப்பிய யூனியன் நீதிமன்றம் அத தடுக்க யுவேஃபாவும் (ஐரோப்பிய ஃபுட்பால் அமைப்பு) ஃபிஃபாவும் (உலக ஃபுட்பால் அமைப்பு) செஞ்சது சட்டவிரோதம்னு சொல்லிடுச்சு, 2024-லயும் 2025-லயும் மாட்ரிட் கோர்ட்டுங்களும் அதையே சொல்லிடுச்சு, அப்படி இருக்க சூப்பர் லீக் ஏன் ஆரம்பிக்கவே இல்ல, ரியல் மாட்ரிட் கேக்குறேன்னு சொன்ன நஷ்டஈடு என்ன ஆச்சு, இங்கிலாந்து டீமுங்க மறுபடி அந்தப் பக்கம் போகுமா. மூணு கேள்வி மாதிரி தெரிஞ்சாலும் அடியில இருக்குறது ஒண்ணுதான்: இந்த மாதிரி கேஸ்ல ஜெயிச்சவன் கைக்கு உண்மையில என்ன வருது? நான் போட்டிச் சட்டம் படிச்சவன், காம்பெடிஷன் லா-ன்னு சொல்வோமே அது, பல வருஷமா இந்தியாவுல அந்த வேலைதான் பாக்குறேன். ஸ்பெயின் கோர்ட்ல ஆஜராகுற வக்கீல் இல்ல, அதனால அங்கத்திய கோர்ட் நடைமுறையோட நுணுக்கத்துக்குள்ள நான் போகல. ஐரோப்பிய போட்டிச் சட்டம் எப்படி யோசிக்கும், பணம் எந்தப் பக்கம் ஓடும்ங்கிறத சொல்ல முடியும்.

முதல்ல நடந்தத வரிசையா பாத்துடுவோம், ஏன்னா தேதி முக்கியம். 2021 ஏப்ரல் 18, ஞாயித்துக்கிழமை ராத்திரி, 12 கிளப் சேர்ந்து ஒரு அறிவிப்பு விட்டாங்க. இங்கிலாந்துல இருந்து ஆர்சனல், செல்சி, லிவர்பூல், மேன்செஸ்டர் சிட்டி, மேன்செஸ்டர் யுனைடெட், டோட்டன்ஹாம். இத்தாலியில யுவென்டஸ், ஏசி மிலான், இன்டர் மிலான். ஸ்பெயின்ல ரியல் மாட்ரிட், பார்சிலோனா, அட்லெட்டிகோ மாட்ரிட். மொத்தம் 20 டீம் ஆடுற லீக், அதுல 15 டீமுக்கு நிரந்தர இடம், எவ்வளவு மோசமா ஆடினாலும் வெளிய போக வேண்டாம், மிச்சம் 5 இடத்துக்கு மட்டும்தான் மத்தவங்க தகுதி பெற்று வரணும். ஆரம்பிக்குற கிளப்புங்களுக்கு மொத்தமா 350 கோடி யூரோ முன்பணம், அதுக்கு ஜேபி மார்கன் பேங்க் கடன் ஏற்பாடு. பேயர்ன் மியூனிக், டார்ட்மண்ட், பிஎஸ்ஜி மூணும் சேரல.

இந்த 350 கோடி யூரோவ கொஞ்சம் கிட்டக்க பாக்கணும், ஏன்னா முழு சண்டையும் இங்கதான் பிறக்குது. அது பரிசுப் பணம் இல்ல. ஸ்டேடியம் மாதிரி வேலைகளுக்கும் கோவிட் நஷ்டத்த ஈடு கட்டவும்னு சொல்லித்தான் அறிவிச்சாங்க. ஆட்டம் பாக்க ஆளே வராம ஒரு வருஷம் மேட்ச் நடந்திருந்த காலம் அது. பார்சிலோனாவோட கடன் 135 கோடி யூரோன்னு அந்த கிளப்போட தலைவர் லபோர்ட்டாவே 2021 ஆகஸ்ட்ல பத்திரிகைக்காரங்க கிட்ட சொன்னாரு, அதே மாசம்தான் மெஸ்ஸிய வெச்சுக்க முடியாம அனுப்பினாங்க. அப்படி இருக்குற கிளப்புக்கு இன்னைக்கே கையில கொஞ்சம் பணமும், அடுத்த இருபது வருஷத்துக்கு நிச்சயமான வருமானமும் வேணும். பேங்க்காரன் கடன் குடுக்கணும்னா அவனுக்கும் நிச்சயம் வேணும். லீக்ல இருந்து வெளிய விழுற வாய்ப்பு இருக்குற கிளப்போட வருங்கால டிவி வருமானத்த நம்பி அவ்வளவு பெரிய தொகைய எவன் குடுப்பான்? அதனால அந்த 15 நிரந்தர இடம்ங்கிறது வெறும் பேராசைன்னு மட்டும் நான் பாக்கல, அந்தக் கடனோட அடமானமே அதுதான். ரசிகர்கள் எத அநியாயம்னு கத்தினாங்களோ அத எடுத்துட்டா கடன் நிக்காது. இத மனசுல வெச்சுக்கிட்டீங்கன்னா பின்னாடி வர்ற பல விஷயம் தானா புரியும்.

அறிவிப்பு வந்த அதே நாள்ல யுவேஃபா, இங்கிலாந்து, ஸ்பெயின், இத்தாலி ஃபுட்பால் சங்கங்கள், லீக்குகள் எல்லாம் சேர்ந்து ஒரு அறிக்கை விட்டாங்க. சேர்ந்த கிளப்புங்கள உள்நாட்டுப் போட்டி, ஐரோப்பியப் போட்டி, உலகப் போட்டி எதுலயும் ஆட விடமாட்டோம், ஆட்டக்காரங்க நாட்டு அணிக்கு ஆடுற வாய்ப்பும் போகலாம்னு. இதே தொனியில ஃபிஃபாவும் கண்டங்களோட கூட்டமைப்புகளும் ஜனவரியிலயே ஒரு எச்சரிக்கை விட்டிருந்தாங்க. ஏப்ரல் 20-ஆம் தேதி மாட்ரிட்ல இருக்குற 17-ஆம் எண் வணிக நீதிமன்றம் இடைக்காலத் தடை குடுத்துச்சு, யுவேஃபாவும் ஃபிஃபாவும் இந்த லீக்க தடுக்குற எந்த நடவடிக்கையும் எடுக்கக்கூடாதுன்னு. அதாவது சட்டப்படி பாத்தா லீக்குக்கு அது நல்ல நாள். ஆனா அதே நாள் சாயங்காலம் லண்டன்ல செல்சியோட ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ் ஸ்டேடியத்துக்கு வெளிய, பிரைட்டன் கூட மேட்ச் ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி, ரசிகர்கள் ரோட்ட மறிச்சு நின்னாங்க, டீம் பஸ் உள்ள போக முடியல. செல்சியோட பழைய கோல்கீப்பர் பீட்டர் செக், அப்போ கிளப் நிர்வாகத்துல இருந்தவரு, கூட்டத்துக்கு நடுவுல இறங்கி வந்து கொஞ்சம் டைம் குடுங்கன்னு கெஞ்சுற வீடியோ இன்னும் கிடைக்கும், பாருங்க. அன்னைக்கு ராத்திரிக்குள்ள ஆறு இங்கிலாந்து கிளப்பும் விலகுறோம்னு சொல்லியாச்சு. அறிவிப்புல இருந்து ரெண்டு நாள்தான்.

இப்போ சட்டத்துக்கு வருவோம். யுவேஃபாவோட விதிமுறையில ஒரு பிரிவு உண்டு, ஐரோப்பாவுல யுவேஃபா நடத்தாத எந்த சர்வதேசப் போட்டி நடந்தாலும் முன்கூட்டியே அனுமதி வாங்கணும்னு. கேக்க நியாயமாத்தான் இருக்கு. பிரச்சனை என்னன்னா அனுமதி குடுக்குற அதே அமைப்புதான் ஐரோப்பாவோட டாப் கிளப்புங்க மோதுற சாம்பியன்ஸ் லீக்க நடத்துது, அதோட டிவி உரிமைய விக்குது. ஊருக்கு பஸ் பெர்மிட் குடுக்குற ஆஃபீசரே சொந்தமா பஸ் ஓட்டினா எப்படி இருக்கும்னு யோசிங்க, அவரு நல்லவராவே இருக்கலாம், ஆனா அடுத்தவன் பெர்மிட் கேட்டு மனு போடும்போது எந்த அடிப்படையில முடிவு எடுப்பாருன்னு எழுதி வெச்சிருக்கணும் இல்லையா. ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு இது புதுசும் இல்ல. 2008-லயே கிரீஸ் நாட்டு மோட்டார் சைக்கிள் பந்தயம் சம்பந்தமான ஒரு வழக்குல, போட்டி நடத்துற அமைப்பே மத்தவங்க போட்டிக்கு சம்மதம் குடுக்குற அதிகாரத்தயும் எந்தக் கட்டுப்பாடும் இல்லாம வெச்சிருக்கக்கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. எங்க துறையில இருக்குறவங்க பல பேர் சூப்பர் லீக் கேஸ் வந்தப்போ முதல்ல புரட்டினது அந்தத் தீர்ப்பத்தான்.

மாட்ரிட் நீதிபதி 2021 மே மாசத்துலயே கேள்விகள லக்சம்பர்க்ல இருக்குற ஐரோப்பிய யூனியன் நீதிமன்றத்துக்கு அனுப்பிட்டாரு. 2022 டிசம்பர்ல நீதிமன்றத்தோட ஆலோசகர், அட்வகேட் ஜெனரல் ரான்டோஸ், யுவேஃபாவுக்கு சாதகமா கருத்து சொன்னாரு. இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளும் யுவேஃபா பக்கம் நின்னு வாதாடியிருந்தாங்க. அதனால யுவேஃபாதான் ஜெயிக்கும்னு நிறைய பேர் நெனச்சாங்க. 2023 டிசம்பர் 21-ஆம் தேதி 15 நீதிபதிகள் உக்காந்த பெரிய அமர்வு வேற மாதிரி சொல்லிடுச்சு. முன் அனுமதி விதியும், மீறினா தண்டனைங்கிற விதியும், வெளிப்படையான, புறவயமான, பாரபட்சம் இல்லாத, அளவுக்கு மீறாத அளவுகோல் எதுவுமே இல்லாம இருக்கு, அதனால இது ஆதிக்க நிலைய தவறா பயன்படுத்துறதுதான், போட்டிய தடுக்குறதுதான், சேவை வழங்குற சுதந்திரத்தயும் மீறுதுன்னு. யுவேஃபா, ஃபிஃபாவோட விளையாட்டு சேவைய மட்டும் பாத்து அவங்களுக்கு தனிச் சலுகை எதுவும் குடுக்கல.

ஆனா செய்தித் தலைப்புல வராத பாதி ஒண்ணு அதே தீர்ப்புல இருக்கு. முன் அனுமதி விதி வெச்சுக்குறதே தப்புன்னு கோர்ட் சொல்லல. திறமையால ஜெயிச்சு மேல வர்ற முறையயும், எல்லாருக்கும் சம வாய்ப்பையும், ஒரே காலண்டரையும் காப்பாத்த அப்படி ஒரு விதி இருக்குறது நியாயமான நோக்கம்தான்னு தெளிவாவே எழுதியிருக்காங்க. சூப்பர் லீக் மாதிரி ஒரு போட்டிக்கு கண்டிப்பா அனுமதி குடுத்தே ஆகணும்னு இதுக்கு அர்த்தம் இல்லன்னும் தீர்ப்பன்னைக்கே சொல்லிட்டாங்க. டிவி உரிமைய மொத்தமா ஒரே கையில வெச்சு விக்குற முறை போட்டிய குறைக்குதுன்னு சொன்னாங்க, ஆனா அந்தப் பணம் சின்ன கிளப்புங்களுக்கும் கீழ்மட்டத்துக்கும் உண்மையிலயே பிரிஞ்சு போகுதுன்னு நிரூபிச்சா அத நியாயப்படுத்தலாம்னு வழியயும் விட்டு வெச்சாங்க. ஆக, தோத்தது யுவேஃபா எழுதி வெச்சிருந்த விதி. சூப்பர் லீக்குங்கிற திட்டத்த நல்லதுன்னோ கெட்டதுன்னோ யாரும் தீர்ப்பு சொல்லவே இல்ல. யுவேஃபா இதுக்குள்ள 2022 ஜூன்லயே அனுமதி விதிய திருத்தி எழுதிட்டாங்க, தீர்ப்பு பேசுறது பழைய விதியப் பத்தி மட்டும்தான்னு உடனே அறிக்கையும் விட்டாங்க. திருத்தின விதி போதுமாங்கிறது தனிக் கேள்வி, அத எந்தக் கோர்ட்டும் இன்னும் முழுசா அலசிப் பாக்கல. என் சொந்த அபிப்பிராயம், எழுத்துல அளவுகோல் இருந்தாலும் முடிவு எடுக்குறவன் போட்டியாளனாவே இருக்குற வரைக்கும் அந்த இடத்துல சந்தேகம் இருந்துக்கிட்டேதான் இருக்கும்.

மாட்ரிட் வணிக நீதிமன்றம் 2024 மே மாசம் இறுதித் தீர்ப்பு குடுத்துச்சு. ஃபிஃபாவும் யுவேஃபாவும் ஆதிக்க நிலைய தவறா பயன்படுத்தினாங்க, நிறுத்தணும், மறுபடி செய்யக்கூடாது. ஆனா 2021-ல அறிவிச்ச அந்தத் திட்டம் கைவிடப்பட்டாச்சு, இல்லாத ஒரு போட்டிக்கு நான் அனுமதி வாங்கித் தர முடியாது, நாளைக்கு வரப்போற ஏதோ ஒரு திட்டத்தயும் யுவேஃபா எதிர்க்கவே கூடாதுன்னும் சொல்ல முடியாதுன்னு நீதிபதி அந்தக் கோரிக்கைய ஏத்துக்கல. யுவேஃபா, லா லீகா (ஸ்பெயினோட உள்நாட்டு லீக்), ஸ்பெயின் ஃபுட்பால் சங்கம் போட்ட அப்பீல்கள மாட்ரிட் மாகாண நீதிமன்றம் 2025 அக்டோபர்ல தள்ளுபடி பண்ணுச்சு. உங்க முதல் கேள்விக்கு சட்டத்தோட பதில் இதுலயே இருக்கு. கோர்ட் திறந்து விட்டது கதவ மட்டும். உள்ள வந்து ஆடுறதுக்கு கிளப் வேணும், அது இல்ல.

ஏன் இல்லன்னா, கேஸ் நடந்த இடத்துல இல்லாம வேற இடத்துல ஒரு பூட்டு போட்டுட்டாங்க, அதப் பத்தி நம்ம ஊர் ஃபுட்பால் பேச்சுல யாரும் கண்டுக்குறதே இல்ல. 2021 மே 7-ஆம் தேதி, விலகின ஒம்பது கிளப்பும் யுவேஃபா கூட ஒரு உறுதிமொழி ஒப்பந்தம் போட்டாங்க. எல்லாரும் சேர்ந்து 1.5 கோடி யூரோ நன்கொடை, ஒரு சீசனுக்கு யுவேஃபா போட்டியில வர்ற வருமானத்துல 5 சதவீதம் பிடித்தம். இதெல்லாம் அவங்களுக்கு சில்லறை. அடுத்த வரிதான் விஷயம்: இனிமே அனுமதி இல்லாத போட்டியில ஆட முயற்சி பண்ணினா 10 கோடி யூரோ அபராதம், வேற உறுதிமொழி எதையாவது மீறினா 5 கோடி. இங்கிலாந்தோட உள்நாட்டு லீக்கான பிரீமியர் லீக் கூடவும் அந்த ஆறு இங்கிலாந்து கிளப் தனியா ஒத்துக்கிட்டாங்க, அப்போதைக்கு மொத்தமா 2.2 கோடி பவுண்டு, மறுபடி இப்படி ஒண்ணு பண்ணினா ஒவ்வொரு கிளப்புக்கும் 2.5 கோடி பவுண்டு அபராதமும் 30 பாயின்ட் கழிப்பும். ஒரு சீசன்ல 30 பாயின்ட் போனா எவ்வளவு பெரிய கிளப்பா இருந்தாலும் கீழ் டிவிஷனுக்கு இறங்குற பயம் வந்துடும், அபராதத்த விட அதுதான் உதைக்கும்.

இந்த உறுதிமொழி சட்டப்படி நிக்குமான்னு ஒரு நியாயமான சந்தேகம் வரும், ஏன்னா அடிப்படை விதியே சட்டவிரோதம்னு ஆனப்புறம் அத வெச்சு மிரட்டி வாங்கின கையெழுத்து செல்லுமான்னு ஒரு நல்ல வக்கீல் கேப்பான். நானும் அந்தக் கேள்விய ரொம்பவே மதிக்கிறேன். ஐரோப்பிய யூனியன் சட்டப்படி போட்டிய தடுக்குற ஒப்பந்தம் செல்லாது, அது உறுதி. ஆனா இந்தக் குறிப்பிட்ட ஒப்பந்தம் அந்த வகையில வருமாங்கிறத சொல்ல, கையெழுத்து போட்ட கிளப்ல ஒண்ணு கோர்ட்டுக்குப் போயிருக்கணும். ஒருத்தரும் போகல. அவங்களுக்கு அந்தக் கட்டுப்பாடே சவுகரியமா இருந்துச்சுங்கிறதுதான் நான் புரிஞ்சுக்கிட்டது, சொந்த ரசிகர்கள்கிட்ட மறுபடி அடி வாங்க யாரு விரும்புவா.

ரியல் மாட்ரிட், பார்சிலோனா, யுவென்டஸ் மூணும் மட்டும் அப்போ கையெழுத்து போடல. அந்த மூணு பேர் மேலயும் யுவேஃபா ஒழுங்கு நடவடிக்கை ஆரம்பிச்சாங்க, மாட்ரிட் கோர்ட்டோட தடை இருந்ததால 2021 செப்டம்பர்ல அது செல்லாதுன்னு அவங்களே மூடிட்டாங்க. இது சின்ன விஷயம் இல்ல. கோர்ட்டுக்குப் போனதால உண்மையில கைக்கு வந்த பலன்னு எதயாவது காட்டணும்னா நான் இதத்தான் காட்டுவேன், மூணு கிளப்பும் தண்டனை இல்லாம சாம்பியன்ஸ் லீக்ல ஆடினாங்க, அந்த சீசன்லயே 2022 மே மாசம் பாரிஸ்ல லிவர்பூல ஜெயிச்சு ரியல் மாட்ரிட் கோப்பையும் எடுத்தாங்க. யுவென்டஸ் 2023-ல விலகுறோம்னு சொல்லி 2024-ல முழுசா வெளிய வந்துட்டாங்க.

இப்போ நஷ்டஈடு. 400 கோடி யூரோவுக்கு மேல கேக்கப் போறாங்கன்னு செய்திகள்ல வந்த எண்ணப் பாத்துதான் நீங்களும் கேட்டிருப்பீங்க. ஐரோப்பாவுல போட்டிச் சட்டத்த மீறினவன் கிட்ட நஷ்டஈடு கேக்க உரிமை உண்டு, 2001-லயே ஐரோப்பிய நீதிமன்றம் அத ஒத்துக்கிச்சு, 2014-ல அதுக்கு தனி உத்தரவே வந்துச்சு. நிரூபிக்க வேண்டியது மூணு: சட்ட மீறல், நஷ்டம், அந்த மீறலாலதான் இந்த நஷ்டம்ங்கிற தொடர்பு. முதல் ஒண்ணு மாட்ரிட்ல நிரூபிச்சாச்சு. மத்த ரெண்டும்தான் மலை ஏறுற வேலை.

தொடர்ப எடுத்துக்கோங்க. சூப்பர் லீக் கம்பெனி சொல்லும், யுவேஃபா மிரட்டினதாலதான் கிளப்புங்க ஓடினாங்கன்னு. யுவேஃபா வக்கீல் எழுந்து ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ் வீடியோவ காட்டுவான். லிவர்பூல் ஓனர் ஜான் ஹென்றி ரசிகர்கள்கிட்ட மன்னிப்பு கேட்ட வீடியோவ காட்டுவான். பிரிட்டிஷ் பிரதமர் சட்டம் கொண்டு வந்தாவது நிறுத்துவேன்ங்கிற மாதிரி பேசினத காட்டுவான். ஜேபி மார்கன் பேங்க்கே ஃபுட்பால் உலகம் இத எப்படிப் பாக்கும்னு தப்பா கணிச்சுட்டோம்னு சொன்னத எடுத்து வெப்பான். மிரட்டல் ஒரு காரணமா இருந்துச்சுங்கிறதுல சந்தேகம் இல்ல, அந்த மிரட்டல் இல்லாம இருந்திருந்தா லீக் நடந்திருக்குமாங்கிறதுதான் கேள்வி, அதுக்கு ஆமாம்னு சொல்ல எனக்கு மனசு வரல.

நஷ்டத்தோட அளவு அதவிட சிக்கல். நடக்காத ஒரு லீக் எவ்வளவு சம்பாதிச்சிருக்கும்னு கணக்கு போடணும், அது பொருளாதார நிபுணர்கள் ரிப்போர்ட்டா எழுதித் தள்ளுற வேலை, ரெண்டு பக்கமும் ரெண்டு எண்ணோட வருவாங்க. அதுல இருந்து அந்த வருஷங்கள்ல சாம்பியன்ஸ் லீக்ல நிஜமா சம்பாதிச்சத கழிக்கணும். 2022-லயும் 2024-லயும் கோப்பை எடுத்த ரியல் மாட்ரிட்டுக்கு இந்தக் கழிவு ரொம்பப் பெருசா இருக்கும். அப்புறம் 350 கோடி முன்பணத்த அப்படியே நஷ்டம்னு காட்ட முடியாது, அது கடன் வழியா வந்து வருங்கால வருமானத்துல இருந்து அடைபட வேண்டியது. பெரிய நஷ்டஈட்டுக் கோரிக்கைகள்ல கேட்ட தொகைக்கும் கடைசியில கிடைக்குற தொகைக்கும் தூரம் அதிகம்ங்கிறது இந்த வேலை பாக்குற எல்லாருக்கும் தெரியும், அந்தப் பெரிய எண்ணோட உண்மையான வேலை எதிராளிய பேச்சுவார்த்தை மேஜைக்கு இழுக்குறதுதான்.

இந்தியாவுல இதே கதை கிரிக்கெட்ல நடந்துச்சு, அதப் பாத்தா இது இன்னும் நல்லா விளங்கும். 2007-ல ஜீ குழுமம் ஐசிஎல் (இந்தியன் கிரிக்கெட் லீக்)-னு ஒரு லீக் ஆரம்பிச்சாங்க, கபில் தேவ் முன்ன நின்னாரு, முதல் டி20 கோப்பைய சென்னை சூப்பர்ஸ்டார்ஸ்தான் எடுத்தாங்க, உங்கள்ல சில பேருக்கு ஞாபகம் இருக்கும். பிசிசிஐ அங்கீகாரம் குடுக்கல, அதுல ஆடினவங்கள ஒதுக்கி வெச்சாங்க, 2008-ல ஐபிஎல் வந்துச்சு, 2009-ல ஐசிஎல் ஆட்டக்காரங்களுக்கு பொதுமன்னிப்பு குடுத்தாங்க, லீக் அதோட முடிஞ்சுது. 2013-ல இந்தியப் போட்டி ஆணையம் பிசிசிஐ மேல 52.24 கோடி ரூபாய் அபராதம் போட்டுச்சு. அதுக்குக் காரணமா இருந்தது ஒரு ஷரத்து, ஐபிஎல் டிவி உரிமை ஒப்பந்தத்துல, போட்டியா இன்னொரு டி20 லீக்க நாங்க நடத்தவோ அங்கீகரிக்கவோ மாட்டோம்னு பிசிசிஐ டிவி கம்பெனிக்கு எழுதிக் குடுத்திருந்தாங்க. மேல்முறையீட்டுல 2015-ல அந்த உத்தரவு ரத்தாச்சு, மறு விசாரணை நடந்து 2017-ல அதே 52.24 கோடிய ஆணையம் மறுபடி போட்டுச்சு. ஆனா அபராதம் போற இடம் அரசாங்க கஜானா. ஐசிஎல்-ல ஆடி வாய்ப்பு இழந்த எந்தப் பையனுக்கும் அதுல ஒரு ரூபா இல்ல. சட்டம் மெதுவா வந்து சரியான பதிலச் சொல்லும்போது லீக் செத்து பல வருஷம் ஆகியிருந்துச்சு. அந்தப் பசங்கள நெனச்சா எனக்கு இன்னும் கோபம்தான் வருது.

அப்போ பிரிஞ்சு போன லீக் எதுவுமே ஜெயிச்சதில்லையான்னா, இன்னைக்கு நாம பாக்குற பிரீமியர் லீக்கே அப்படிப் பிரிஞ்சு போனதுதான். 1991-92-ல இங்கிலாந்தோட முதல் டிவிஷன் கிளப்புங்க மொத்தமா பழைய ஃபுட்பால் லீக்க விட்டு வெளிய வந்தாங்க, 1992-ல 22 டீமோட ஆரம்பிச்சாங்க, ஸ்கை, பிபிசி கூட அஞ்சு வருஷத்துக்கு 30.4 கோடி பவுண்டு டிவி டீல். பழைய லீக் 1991-ல கோர்ட்டுக்குப் போச்சு, இங்கிலாந்து ஃபுட்பால் சங்கத்தோட முடிவ நீதிமன்ற மறு ஆய்வுக்கு உட்படுத்த முடியாதுன்னு தோத்துச்சு. அது எப்படி நடந்துச்சுன்னு பாத்தீங்கன்னா, அங்க அனுமதி குடுக்க வேண்டிய ஃபுட்பால் சங்கமே பிரிஞ்சு போறவங்க பக்கம் நின்னுச்சு, அப்புறம் கீழ இருந்து மேல வர்ற வழி, மேல இருந்து கீழ போற வழி ரெண்டையும் மூடல. சூப்பர் லீக் இந்த ரெண்டு இடத்துலயும் எதிர்த் திசையில போச்சு. பின்னாடி சூப்பர் லீக் திட்டத்த கையில எடுத்த ஏ22-ன்னு ஒரு கம்பெனி அத திருத்தப் பாத்தாங்க, தீர்ப்பு வந்த அன்னைக்கே 64 டீம், மூணு அடுக்குன்னு புதுத் திட்டம், 2024 டிசம்பர்ல அதயும் மாத்தி 96 டீம் வெச்சு யூனிஃபை லீக்னு பேர் வெச்சு யுவேஃபா கிட்ட அங்கீகாரம் கேட்டாங்க, நிரந்தர இடம் எதுவும் கிடையாதுன்னு. நல்ல திருத்தம்தான். ஆனா நிரந்தர இடம் போனதும் பேங்க்குக்கு காட்ட வேண்டிய உத்தரவாதமும் போயிடுது, வெளிப்படையா சேர்றேன்னு சொல்ல புதுசா கிளப்பும் வரல.

2026 பிப்ரவரி 7-ஆம் தேதி பார்சிலோனா அதிகாரப்பூர்வமா விலகுனாங்க. நாலு நாள் கழிச்சு 11-ஆம் தேதி யுவேஃபா, ஐரோப்பிய கிளப்புங்களோட கூட்டமைப்பு, ரியல் மாட்ரிட் மூணு பேரும் சேர்ந்து அறிக்கை விட்டாங்க, கொள்கை அளவுல ஒப்பந்தத்துக்கு வந்துட்டோம், அது நடைமுறைக்கு வந்ததும் சூப்பர் லீக் சம்பந்தமான வழக்குகளும் தீரும்னு. உங்க ரெண்டாவது கேள்விக்கு இதுதான் பதில், அந்தப் பெரிய தொகைய கோர்ட் வழியா வசூல் பண்ற பாதைய விட்டு ரியல் மாட்ரிட் பேச்சு வழிக்கு வந்துட்டாங்க. அதுல என்ன விலை பேசினாங்கன்னு அறிக்கையில இல்ல. என் கணிப்பு, ரொக்கமா குறைவு, போட்டி அமைப்புலயும் முடிவு எடுக்குற இடத்துலயும் செல்வாக்கா அதிகம். இது கணிப்புதான், உறுதி இல்ல. கேஸ் போட்டதே வீண்னு மட்டும் நான் சொல்லமாட்டேன். இனிமே ஐரோப்பாவுல எந்த விளையாட்டு அமைப்பும், ஃபுட்பால்னு இல்ல, எழுதப்பட்ட அளவுகோல் இல்லாம இன்னொருத்தன் போட்டிய தடை பண்ண முடியாது, அதே 2023 டிசம்பர் 21-ஆம் தேதி ஸ்கேட்டிங் சங்கத்துக்கு எதிராவும் இதே மாதிரி தீர்ப்பு வந்துச்சு, ரெண்டு டச்சு ஸ்கேட்டிங் வீரர்கள் கிளப்பின பிரச்சனை அது. பணக்கார கிளப்புங்களுக்காக போட்ட கேஸ்ல கிடைச்ச பாதுகாப்பு நாளைக்கு ஒரு தனி வீரனுக்கோ சின்ன போட்டி நடத்துறவனுக்கோ உதவும், எனக்கு இந்தத் தீர்ப்பு பிடிச்சதுக்கு முக்கியமான காரணமே அதுதான்.

கடைசியா இங்கிலாந்து. பிரெக்சிட் ஆனதால லக்சம்பர்க் தீர்ப்பு அங்க கட்டுப்படுத்தாது, அது முதல் விஷயம். ரெண்டாவது, 2021 ஏப்ரல்ல சூப்பர் லீக் அறிவிப்பு வந்தப்புறம் பிரிட்டிஷ் அரசு ரசிகர்கள் பார்வையில ஃபுட்பால் நிர்வாகத்த ஆராய ஒரு குழு போட்டாங்க, முன்னாள் விளையாட்டு அமைச்சர் டிரேசி கிரவுச் தலைமையில, அது 2021 நவம்பர்ல ரிப்போர்ட் குடுத்துச்சு, அதுல இருந்து வளர்ந்து 2025 ஜூலைல ஃபுட்பால் நிர்வாகச் சட்டம்னு ஒண்ணு வந்தாச்சு. அதுப்படி சுதந்திரமான ஒரு ஒழுங்குமுறை ஆணையம் உண்டு, அது தடை செஞ்ச போட்டியில உரிமம் வெச்சிருக்குற எந்த இங்கிலீஷ் கிளப்பும் ஆட முடியாது, ஒரு போட்டிய தடை பண்ணலாமான்னு முடிவு எடுக்கும்போது திறமை அடிப்படையில நடக்குதா, திறந்த போட்டியா, இங்கிலாந்து ஃபுட்பாலோட நிலைத்தன்மைக்கு ஆபத்தான்னு எல்லாம் பாக்கணும், ரசிகர்கள் கருத்தயும் கேக்கணும். அனுமதி குடுக்குறவனும் போட்டி நடத்துறவனும் ஒரே ஆளா இருக்குற குறை இதுல இல்ல, ஏன்னா இந்த ஆணையம் எந்தக் கோப்பையும் நடத்துறதில்ல, டிவி உரிமை எதையும் விக்குறதும் இல்ல. யுவேஃபா விதிய உடைச்ச அதே வாதத்த இங்க கொண்டு வந்து நிறுத்துறது ரொம்பக் கஷ்டம். அதனால ஆறு கிளப்பும் மறுபடி போகணும்னா 2.5 கோடி பவுண்டு, 30 பாயின்ட், யுவேஃபாவுக்கு 10 கோடி யூரோ, அதுக்கு மேல நாட்டுச் சட்டம், இத்தனையும் தாண்டணும், இப்போதைக்கு அப்படி ஒரு முயற்சி நடக்கும்னு நான் எதிர்பாக்கல.